மாமரத்துக்குப் போட்ட கட்டு

ஏட்டி கட்டச்சி,

கையெல்லாம் பெட்ரோல் வாடை. சோப்புப் போட்டும் போகவில்லை. நம் புறவாசல் மாமரத்துக்கு இப்போதுதான் வைத்தியம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அண்ணன் பெண்டாட்டி நான், தம்பி பெண்டாட்டி நீ. மற்ற ஓரகத்திகள் அடுப்புக்குச் சண்டை போட்டபோது, நாம் ராஜபாளையத்தில் ஒரே பேண்டேஜ் துணிக் கம்பெனிக்குப் போய், ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டோம்.

அப்போது மரத்தின் மேற்குக் கிளை காய்ந்தது. உன் வீட்டுக்காரர் கறையான் என்று சொல்லி வேரில் மருந்து ஊற்றினார். கிளை காய்வது நிற்கவில்லை. வத்திராயிருப்புத் தோப்புக்காரர் மகளாச்சே நீ, கீழே கிடந்த தூளை அள்ளிப் பார்த்தாய்.

"கறையான்னா மண்ணு அப்பிக்கிட்டே ஏறும்க்கா. இது உமியாட்டம் கொட்டுது. ஆளு உள்ள இருக்கான்."

பட்டையில் காதை வைத்து, உள்ளே அரிக்கும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டாய். சைக்கிள் கம்பியின் நுனியை வளைத்து, பிசின் வழிந்த ஓட்டைக்குள் விட்டு இழுத்தாய். கட்டைவிரல் தண்டிக்கு வெள்ளைப் புழு. அதை அவரிடமே கொண்டுபோய், "இந்தாங்க, ஒங்க கறையான்" என்று நீட்டினாயே!

பஞ்சைப் பெட்ரோலில் நனைத்து அடைத்தாய். மேலே களிமண் பூசி, மழையில் கரையாதிருக்கக் கம்பெனிக் கழிவுத் துணியைச் சுற்றினாய். மரத்துக்கு ஆப்பரேசனா என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். பார்க்க வருகிறவர்களைப் பன்னும் ஆரஞ்சும் வாங்கி வரச் சொன்னாய்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு, இந்தக் கார்த்திகையில் கிழக்குக் கிளை காய்ந்தது.

"வயசான மரம், வெட்டிருவோம் மதினி. பாக்கப் பாக்க அவ நெனப்புத்தான் வருது" என்றார் உன் வீட்டுக்காரர்.

"அதுக்குத்தான் அது நிக்கணும்" என்று சொல்லி, அவரையே ஏணியைப் பிடிக்க வைத்தேன்.

உன் கம்பி அடுப்படி ஆணியில்தான் தொங்குகிறது. முதல் இழுப்பில் பிசின்தான் வந்தது. பிறகு புழுவே வந்தது. அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அவளாட்டமே நீட்டுதீக" என்றார். துணியைக் கிழித்துக் கட்டியது அவர்தான்.

இப்போது அந்தக் கிளையில் செங்கொழுந்து விட்டிருக்கிறது. தெருவில் யார் கேட்டாலும் எங்கள் கட்டச்சியின் வைத்தியம் என்று நிமிர்ந்து சொல்கிறேன்.

இன்றைக்கு மிச்சமிருந்த ஓட்டையையும் அடைத்துவிட்டேன். பிறகு உன்னைப் போலவே பட்டையில் காதை வைத்துச் செத்த நேரம் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

உள்ளே ஆள் இல்லைதானே, கட்டச்சி?