காப்பியோடு போட்ட மாத்திரை

இன்று காலை மருமகளின் இரும்புச் சத்து மாத்திரை அட்டையைப் பிரித்ததும் அந்தத் துரு வாடை மூக்கில் ஏறியது. கூடவே நீயும் வந்து நின்றாய். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. என் கொழுந்தன் பெண்டாட்டி, எனக்கு இளையவள். ஆனாலும் எல்லாவற்றிலும் எனக்கு ஒரு படி மேலே.

தொண்ணூறுகளில், அம்பாசமுத்திரம் வீட்டில் நாம் இருவரும் ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தோம். நர்ஸம்மா இருவருக்கும் ஒரே சிவப்பு மாத்திரையைத்தான் கொடுத்தார். உனக்கு மாதாமாதம் இரத்த அளவு ஏறியது. எனக்கு எட்டிலேயே நின்றது. இப்படியே போனால் இங்கே பிரசவம் பார்க்க முடியாது, பாளையங்கோட்டைக்குப் போய் இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். பொய் சொல்வானேன், அதைவிட நீ முந்திக்கொண்டாயே என்ற எரிச்சல்தான் அதிகம்.

அத்தை வேறு, "ஏட்டி, ஒரே மாத்திரைதான? அவளுக்கு ஏறுது, ஒனக்கு மட்டும் ஏன் ஏறமாட்டேங்கு?" என்று தினமும் குத்திக் காட்டினார்.

உனக்கு நல்ல மாத்திரையாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நீ ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரத்தில் உன் அட்டையை எடுத்துக்கொண்டு என்னுடையதை வைத்துவிட்டேன். அந்த மாதமும் உனக்குத்தான் ஏறியது!

இரத்தம் சோதித்து வந்த மறுநாள் அடுக்களையில் மாத்திரையை வாயில் போட்டுக் காப்பியை மடக்கென்று குடித்தேன். நீ பார்த்துவிட்டாய். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்:

"மாத்திரைய மாத்தினா மட்டும் ஏறிருமாக்கா? காப்பியோட போட்டா பாதிகூட ஒடம்புல சேராது, அப்படியே வெளிய போயிரும்லா. நான் எலுமிச்சம்பழத் தண்ணியிலதான் போடுதேன். நர்ஸம்மா சொல்லும்போது நீங்க என் சீட்டையே எட்டிப் பாத்துக்கிட்டு இருந்திய."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் நீ சொன்னபடி செய்தேன். அடுத்த மாதம் ஒன்பதரை, அப்புறம் பத்தரை. மகன் அம்பாசமுத்திரத்திலேயே பிறந்தான்.

அதற்காக உன் மேல் பிரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. நீ சண்டை போட்டிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். நீ சிரித்துவிட்டுப் போனாய்.

உன் பதினாறாம் நாளன்று கொழுந்தன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மதினி, ஒங்களப் பத்தி ஒரு நாளும் அவ குறையா ஒரு வார்த்த சொன்னதில்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது. துக்கம் என்று நினைத்திருப்பார்.

கட்டின புருஷனிடம்கூட நீ வாயைத் திறக்கவில்லை. நானாக இருந்தால் அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன். நீயும் ஒருத்தரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா, பாவி? நீ போன பிறகும் உன்னை நினைத்து வயிறு எரிகிறது.