புதிய பதிப்பில் ‘அடுக்கு’

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமையில்லை. நீயும் உன் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய கணினி மொழியில் கட்டளைகளுக்கு மறுபடியும் பெயர் மாற்றமாமே! ‘எண்ணு’ போய் ‘நீளம்’, ‘கொட்டு’ போய் ‘வெளியிடு’. எங்கள் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவில் யாரை முதலில் உள்ளே அழைப்பது என்று சொல்ல நான் எழுதிய நிரல் பூராவும் உன் மொழியில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கண் பூத்துப்போகிறது. பெயர் வைக்க அவ்வளவு ஆசையென்றால் காலாகாலத்தில் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றுக்கொள்ளேன். அம்மா அதற்குத்தான் காத்திருக்கிறாள்.

கோபமும் அன்புமாக,
அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய பெயர்கள் அவசரத்தில் வைத்தவை. புதிதாகக் கற்க வருபவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். குழுவில் ஓட்டெடுத்துத்தான் மாற்றினோம். நீ பயப்படாமல் புதிய பதிப்புக்கு வந்துவிடு. பழைய பெயர் எங்கே இருந்தாலும் கணினியே பிழை காட்டும். பிழை வரவில்லையா, நிம்மதியாகத் தூங்கு.

அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுக்காதே, புண்ணியமாகப் போகும்.

உன் தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

நீ சொன்னபடியே செய்தேன். பிழை எதுவும் வரவில்லை. நிம்மதியாகத்தான் தூங்கினேன்.

‘அடுக்கு’ என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் வேலையை மாற்றியிருக்கிறீர்களே, அதை ஏனடா சொல்லவில்லை? முன்பு அது பட்டியலையே வரிசைப்படுத்தும். இப்போது வரிசைப்படுத்திய நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பட்டியலைத் தொடாமல் விடுகிறது. என் நிரல் பார்ப்பதோ அந்தத் தொடாத பட்டியலைத்தான். உடம்பு மோசமானவர் முதலில் வரவேண்டிய பட்டியல், பெயர் கொடுத்த வரிசையிலேயே நின்றது. மூச்சு வாங்க வந்த ஒரு லாரி டிரைவர் மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீங்கிய முகத்தைப் பார்த்து நர்ஸ்தான் உள்ளே கூட்டிப்போனாள். பிழைத்துக்கொண்டார். “கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பேசாம இருந்தோம்மா” என்றாள் அவர் மனைவி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“யாரும்மா இந்த மொழியெல்லாம் பண்றது?” என்று பெரிய டாக்டர் கேட்டார். என் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை.

பழைய ‘அடுக்கு’ எனக்குத் திரும்ப வேண்டும்.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

‘அடுக்கு’ என்ற பெயரைப் புது வேலைக்குக் கொடுக்கலாம் என்று சொன்னதே நான்தான்.

குழுவில் சண்டை போட்டுப் பார்த்தேன். புதிய ‘அடுக்கை’ நம்பி இதற்குள் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இப்போது திருப்பினால் அவர்களுக்கும் இதே கதி. முடியாது, அக்கா. நானே லீவு போட்டு வந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துச் சரிசெய்து தருகிறேன். வரட்டுமா?

தம்பி

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொல்வது நியாயம்தான். அதனால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது.

வேறு மொழியில் எழுத ஆரம்பித்துவிட்டேன். அதிலுள்ள பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. ஆனால் வைத்த நாளிலிருந்து ஒருவரும் அவற்றில் கைவைக்கவில்லையாம். எனக்கு அது போதும்.

லீவு போட்டு வா, அம்மா ஏங்கிப்போயிருக்கிறாள். ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் வராதே. நீ யாரென்று பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். “அட, தம்பியா? அப்ப அவரையே வந்து சரிபண்ணச் சொல்லுங்களேன்” என்றார்.

வேண்டாம் சார் என்று நான்தான் சொன்னேன்.

அக்கா