ஒத்திகையில் யாரும் உள்ளே இல்லை

நாள் 88 – காலை 7:10

“கதவோட யூகம் தப்பாப் போச்சுன்னா என்ன ஆவும் டீச்சர்?” இந்த நிலவுத் தளத்துக்கு வந்த புதிதில் மெர்லின் கேட்டாள். பம்புகளைக் கவனிக்கும் தூத்துக்குடிக்காரி. இங்கே நாங்கள் இருவர்தான். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியையான எனக்கு, கதவுகளின் கணினிச் சில்லுகளை வடிவமைக்கும் இயந்திரத்துக்குப் பழைய கதவுப் பதிவுகளை ஊட்டும் வேலை.

ஓட்டலில் தினமும் காபி கேட்பவரைக் கண்டதும் மாஸ்டர் காபி ஆற்றத் தொடங்குவார். அன்று அவர் டீ கேட்டால் ஒரு காபி வீண், அவ்வளவுதான் என்றேன். கதவுச் சில்லும் அப்படியே. அறையில் ஆள் உண்டா என்று பார்க்கும் உணரியின் பதில் வருமுன் யூகித்து வேலையைத் தொடங்கும்; தப்பானால் திரும்பி வந்து சரிசெய்யும். அப்படி யூகிக்கும் மின்சுற்றைப் பதிவுகளைப் பார்த்து இயந்திரமே வடிவமைக்கிறது.

இன்று புதிய வடிவம், பழையதை அழித்துவிட்டு, எல்லாக் கதவுகளிலும் ஏறியது. அளவு முன்னதில் பாதி. மகிழ்ச்சி.

11:42

பம்பு அறையில் கசிவு. கதவு பூட்டிக்கொண்டது. மெர்லின் உள்ளே, விண்ணுடையில். ஆளை வெளியே விட்ட பிறகுதான் அது பூட்ட வேண்டும். காற்றழுத்தம் கதவை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கையால் திறக்க முடியவில்லை.

வானொலியில்: “நான் உள்ள நிக்கேன், ஆளே இல்லங்கு! ஒங்க கதவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா டீச்சர்?”

12:05

புரிந்தது. வாராவாரம் கசிவு ஒத்திகை. சங்கு ஒலிக்குமுன்பே இருவரும் டீ பிளாஸ்க்கோடு வெளியே வந்துவிடுவோம். ஒத்திகைக்கு யார் உடை மாட்டிக்கொண்டு உட்காருவது? ஆக, எல்லாப் பதிவிலும் அறை காலி. யூகம் ஒருமுறையும் தவறவில்லை. எனவே ‘ஆள் உண்டா’ என்று கேட்கும் பகுதியையே இயந்திரம் வீண் என்று வெட்டிவிட்டது.

12:20

இன்றைய பதிவை ஊட்டினேன். பதில்: ‘தனி நிகழ்வு. தள்ளப்பட்டது.’ நகலெடுத்துப் பலமுறை ஊட்டினேன். அதே பதில்.

“காத்து கொறஞ்சுக்கிட்டே வருது. பாடம் நடத்தாதீய டீச்சர், தொறங்க.”

12:41

ஒத்திகைப் பதிவுகள் அனைத்தையும் அழித்தேன். இன்றையதும் அதன் நகல்களும் மட்டும் இருக்கின்றன. இயந்திரம் வரைகிறது. நானும் உடை மாட்டிவிட்டேன். சீக்கிரம்.

12:58

திறந்தது. என் மேலேயே விழுந்தாள்.

“மூடுங்க டீச்சர், மூடுங்க! காத்து பூரா போவுது!”

அழுத்தினேன். மூடவில்லை. திரையில்: ‘ஆள் உள்ளே.’ உள்ளே ஒருவரும் இல்லை. நான் காட்டிய எடுத்துக்காட்டு ஒவ்வொன்றிலும் ஆள் உண்டு. இப்போது மூடும் பகுதியை வீண் என்று இயந்திரம் வெட்டியிருக்கிறது. புதிய வடிவம் எல்லாக் கதவுகளிலும் ஏறிவிட்டது. எல்லாம் திறந்து கிடக்கின்றன.

13:30

குரல் பதிவு. எங்கள் தளத்தில் காற்று மிச்சமில்லை. அடுத்த தளத்தை நோக்கி நடக்கிறோம். தூரம் அதிகம். என் உடைக் காற்றில் பாதியை அவளுக்கு இணைத்திருக்கிறேன்.

“பேசிக்கிட்டே வாங்க டீச்சர். ஒங்க சத்தம் கேக்கட்டும்.”

பேசுகிறேன் அம்மா.

இதைக் கேட்பவரே, எங்கள் தளத்தில் விளக்கு எரியும். திரை பச்சை காட்டும். ஆள் உள்ளே என்று சொல்லும். நம்பிவிடாதீர்கள். தலைக்கவசத்தைக் கழற்றும் முன், ஒருமுறை கதவை மூடிப் பாருங்கள்.