எலும்புக்குப் பதினெட்டு

அன்பான அப்பாவுக்கு மொழி எழுதுவது. அங்கே நீங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா, ஆடுகள், வீடு எல்லாம் இருந்தபடி இருக்கின்றன. நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் இந்தத் தடவை அப்படி எழுத வரவில்லை. அம்மா தூங்கிவிட்டாள், நான் சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், அவள் புரண்டு படுத்தாலே தாளை மடியில் மறைத்துக்கொள்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனுக்கு ராசாங்கம் மாமா வேறு பூட்டு போட்டுக் கொடுத்துவிட்டார், அம்மாவுக்கு மட்டும்தான் திறக்கத் தெரியும். நீங்கள் போர்ட் பிளேரிலிருந்து கருவாடு அனுப்பிய பார்சலில் மேஸ்திரி வீட்டு முகவரி இருந்தது, அதைப் பார்த்துத்தான் இதை அனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மாமாவிடம் பேசியதை நான் கேட்டேன் அப்பா. மாமா ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் உள்ளே மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன், என் பேர் அடிபட்டதும் கிரைண்டரை நிறுத்திவிட்டேன். "எலும்பப் படம் புடிச்சே பாத்துட்டாங்கன்னா நான் என்னத்த மச்சான் சொல்லப் போறேன், நல்ல எடமா இருந்தா பேசி முடிங்க" என்று நீங்கள் சொன்னது உங்கள் குரல்தான், எனக்குத் தெரியாதா. அப்புறம் மொழி எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்கள், அம்மா "அவளுக்கென்ன, நல்லாருக்கா" என்றாள், நீங்களும் சரி என்று வைத்துவிட்டீர்கள். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று ஈரக் கையோடு கதவுப்பக்கம் நின்றுகொண்டே இருந்தேன்.

உங்களிடம் அவர்கள் எப்படிச் சொன்னார்களோ தெரியாது, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வைகாசியில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் திருச்சியிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து கிழவி வரைக்கும் எலும்பு எப்படி வளர்கிறது, எந்த வயதில் தேய ஆரம்பிக்கிறது, யாருக்கு என்ன நோய் வருகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. பெண்களும் அவர்கள் அம்மாக்களும் சேர்ந்து வர வேண்டும் என்றார்கள். நாங்களும் போனோம். எனக்கு உயரம் அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். அம்மாவை அவர்கள் கொண்டுவந்த வேனுக்குள் படுக்கவைத்து இடுப்பையும் முதுகையும் மிஷினில் பார்த்தார்கள். அப்புறம் ஒருநாள் முடிவு சொல்ல வந்தார்கள். ஜெயசுதா டாக்டர் என் கைப் படத்தை வெளிச்சத்தில் காட்டி, எலும்பு நுனியில் வளர்வதற்கென்று ஒரு சந்து இருக்கும், அது மூடிவிட்டால் வளர்த்தி நின்றுவிடும் என்று சொன்னார்கள். என்னுடையதில் அது முடி மாதிரி ஒரு கோடாகத்தான் மிச்சம் இருந்தது. "உன் எலும்பு அவசரக்குடுக்கைடா மொழி, பதினெட்டு வயசுப் பொண்ணோடது மாதிரி முந்திக்கிட்டு நிக்குது" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு உடனே அம்மாவைப் பார்த்து, "அதுக்காவ இவளுக்குப் பதினெட்டு ஆயிட்டுதுன்னு நெனச்சிராதீங்க, வயசு பொறந்த தேதிய வச்சுத்தான், சில பேருக்கு எலும்பு முந்தும், சில பேருக்குப் பிந்தும்" என்றும் சொன்னார்கள். அம்மாவுக்கும் சொன்னார்கள். முப்பத்தைந்து வயதிலேயே எலும்பு அறுபது வயதுக்காரர்களுடையது போல மெலிந்துவிட்டது, கீழே விழுந்தால் உடையும், மாத்திரையும் பாலும் விடவே கூடாது என்று. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் தனக்குச் சொன்னதை வரும் வழியிலேயே விட்டுவிட்டாள், எனக்குச் சொன்னதில் பாதியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அந்தப் பாதியைத்தான், அப்புறம் தன் கை உடைந்து கிடந்தபோது மாமாவிடம் சொல்லியிருக்கிறாள். மறுவாரமே மாமா ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வரனைக் கொண்டுவந்தார், பேர் நல்லதம்பி, சொந்தமாக லாரி வைத்து ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறாராம், வயது இருபத்தொன்பது. நான் பத்தாவதுதானே படிக்கிறேன் என்று அழுதேன். மாமா சொன்னார், "பொறந்த தேதி நாம வாய்ல சொல்லிப் பள்ளிக்கூடத்துக்காரன் எழுதுனது, எலும்பு பொய் சொல்லுமா? பெரிய டாக்டரே படம் புடிச்சுச் சொல்லிட்டாங்க." பக்கத்து வீட்டு வீராயி அத்தை உரம் வாங்கப் போகிறவள் நின்று கேட்டுவிட்டு, "அப்படிப் பாத்தா ஒன் தங்கச்சிக்கு அறுபதாச்சே ராசாங்கம், மொதல்ல அவளுக்கு முதியோர் பென்சன் வாங்கிக் குடு, அப்பறம் மருமவளுக்கு மாப்ள பாக்கலாம்" என்றாள். எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். மாமா முறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து அத்தையோடு நம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

இதைவிட ஒன்று நடந்தது, அதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. போன புதன்கிழமை அம்மா பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொன்னாள். டாக்டரம்மா பெரம்பலூரில் இன்னொரு தடவை கையைப் பார்க்கணும்னு கூப்பிட்டிருக்காங்க என்றாள். ஜெயசுதா டாக்டரைப் பார்த்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், அவர்கள் மாமாவுக்குப் புரியவைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினேன் அப்பா, தலைக்குப் பூக்கூட வைத்துக்கொண்டேன். அங்கே டாக்டரம்மா இல்லை. அது வேறு ஏதோ எக்ஸ்ரே கடை. மாமா முன்னாடியே வந்து நின்றிருந்தார். என் கையைப் பலகையில் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். அப்புறம் மாமா அங்கே இருந்தவரிடம், பதினெட்டு முடிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் கோர்ட்டு கேட்டா கவர்மெண்டு டாக்டர் எழுதறதுங்க, எங்ககிட்ட கேக்காதீங்க, கெளம்புங்க" என்றார். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள், வேர்க்கடலை வாங்கித் தந்தாள். நான் சாப்பிடவில்லை. தாள் கிடைக்காதது ஒரு பக்கம் நிம்மதி என்று நினைத்தேன், ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாமா, "எழுத்து எதுக்கு, கோயில்ல வச்சித் தாலியக் கட்டிருவோம், எவனாச்சும் கேட்டா எலும்புப் படத்தக் காட்டுவோம், ஆடி போவட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆவணியில் வரும் முதல் முகூர்த்தம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

அம்மா ஏன் இப்படிச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனியில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாளே, அதிலிருந்து பயந்துபோயிருக்கிறாள். நாளைக்கு இடுப்பு உடைந்து படுத்துவிட்டால் உன்னை யாரு பார்ப்பா, நான் கண் தொறந்திருக்கையிலேயே ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துர்றேன் என்கிறாள். அதனால் அவள்மேல் கோபப்படத் தொடங்கினாலும் பாதியில் நின்றுவிடுகிறது. உங்கள்மேல்தான் நிற்கவில்லை. நான் நாலாவது படிக்கும்போது வேப்பமரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்ததே, அப்போது இதே மாமா நாட்டுக்கட்டு போட்டுவிடலாம் என்றார். நீங்கள் கேட்கவில்லை. "எலும்பு விசயம் டாக்டருக்குத்தான் மச்சான் தெரியும், ஒனக்கும் எனக்கும் என்ன தெரியும்" என்று சொல்லி என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினீர்கள். இன்றைக்கு என் எலும்பைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்கள் என்பதை நீங்கள் மாமாவிடம் போய்க் கேட்கிறீர்கள். இதை நினைக்கும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாமா பேசுவார் என்று எனக்குத் தெரியும், அம்மா பயப்படுவாள் என்றும் தெரியும். அப்பா இருக்கிறார், அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று நான் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தைரியமாகத்தான் இருந்தேன்.

நான் இன்னும் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரில் 1098 என்று குழந்தைகள் உதவி நம்பரைப் பெரிதாக எழுதியிருக்கிறது, தினமும் அதைக் கடந்துதான் போகிறேன். சொன்னால் அம்மாவையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார்களோ, அங்கே யாராவது அதட்டி அவள் தடுக்கி விழுந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. நீங்கள் ஒரு தடவை போன் செய்து, என் மகளுக்குப் பதினைந்துதான், அவள் படிக்கட்டும் என்று சொன்னால் போதும். உங்கள் பேச்சை மீறி மாமாவால் எதுவும் செய்ய முடியாது, செலவு முழுக்க உங்கள் கையில்தானே இருக்கிறது. பதில் கடிதம் மட்டும் போடவேண்டாம், மாமா பிரித்துவிடுவார்.

அம்மாவுக்கு மாத்திரையை நான்தான் கையில் கொடுத்து விழுங்கவைக்கிறேன், பாலும் காய்ச்சித் தருகிறேன், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்களும் கட்டடச் சாரத்தில் ஏறும்போது பார்த்து ஏறுங்கள், மழை ஈரத்தில் மூங்கில் வழுக்கும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று இப்போதும் சாமியிடம் கேட்டுக்கொண்டுதான் படுக்கிறேன், கேட்காமல் படுக்க எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆடி முடிவதற்குள் உங்களிடமிருந்து போன் வராவிட்டால் நான் தலைமை ஆசிரியையிடம் போவேன். யார் யார் சேர்ந்து இதைச் செய்கிறார்கள் என்று அவர்கள் கேட்பார்கள். மாமா பெயரைச் சொல்வேன். அழுதுகொண்டே அம்மா பெயரையும் சொல்வேன். உன் அப்பா என்ன சொன்னார் என்று அதற்கப்புறம் கேட்பார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்
கொ. மணிமொழி
பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு