அப்பாவுக்கு எதிரே ஓர் ஆள்

அன்புக் கண்ணுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு நல்லாதான் இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் அங்க குளிர், காய்ச்சல் எதுவும் அண்டாம இருக்கணும்.

அப்பாவை, வாதம் வந்தவங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இல்லத்துல சேர்த்துடலாமான்னு கேட்டிருந்தே. இப்போ வேண்டாம், நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி. வாதம் வந்த வலது கையை மடியில போட்டுக்கிட்டு, வீட்டுக்கு வர்ற பயிற்சிப் பொண்ணுகிட்டயே இது செத்த கை, விட்டுடும்மாங்கிறவர் அங்க போனா மட்டும் மாறிடுவாரா. செஸ் போர்டைப் பார்த்தாதான் மனுஷன் முகத்துல உயிர் வருது. கூட ஆட வந்த மருந்துக்கடைக்காரர் பாவம் பார்த்து வேணும்னே தோத்தார். இவர் கண்டுபிடிச்சு, இனிமே இந்தப் பக்கம் வராதேன்னு அனுப்பிட்டார். அதான் நானே எதிர்ல உட்கார்ந்துட்டேன்.

அந்த மருந்துக்கடைக்காரர்கிட்டயே போய் ஆட்டத்தை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேட்டேன். இத்தாலியன்னு ஒண்ணு சொல்லிக்கொடுத்தார். ராஜாவுக்கு முன்னாடி நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளணும், குதிரையை எடுக்கணும், மந்திரியைக் குறுக்கே நீட்டணும், அப்புறம் ராஜாவுக்குக் கோட்டை கட்டணும். தையல் மெஷின் மிதிக்கும்போதெல்லாம் வாய்ப்பாடு மாதிரி சொல்லி மனப்பாடம் பண்ணிட்டேன். உங்கப்பா என்னடான்னா முதல்லயே வேற பக்கத்துச் சிப்பாயைத் தள்ளினார், அது சிசிலியனாம். நான் அதைக் கண்டுக்காம என் பாட்டுக்கு மந்திரியை நீட்டினேன், அவரோட சிப்பாய் வந்து துரத்தி அடிச்சுது. எதிராளி என்ன வைக்கிறான்னு பார்க்காதவளுக்கு ஆள் எதுக்கு, சுவரோட ஆடுன்னுட்டார். சுருக்குன்னு தச்சுது. ஆனா அவர் சொன்னது நியாயம்தான், அளவெடுக்காம வெட்டின சட்டை யாருக்குப் பொருந்தும். அதுக்கப்புறம் எதை எங்க வைக்கிறதுன்னு கேட்கிறதை விட்டுட்டு, ஏன் அங்க வைக்கிறதுன்னு கேட்க ஆரம்பிச்சேன். நடுக்கட்டம் நம்ம கையில இருக்கணும், ஒரே காயைத் திரும்பத் திரும்ப இழுக்காம எல்லாரையும் வேலைக்கு அனுப்பணும், அவ்வளவுதான். தோக்கிறேன், ஆனா சீக்கிரம் தோக்கிறதில்ல. இப்பல்லாம் அவரே போர்டை எடுத்து வான்னு கூப்பிடுறார்.

நேத்து சாயங்காலம் அவர் இடது கையில டீ டம்ளர். நான் அவசரப்பட்டு ராணியை ஆரம்பத்துலயே வெளிய இழுத்துட்டேன். இப்பவே எடுத்தா அவளைத் துரத்துற சாக்குல என் படையெல்லாம் வெளிய வந்துடும், இதுகூடத் தெரியாதான்னு திட்டிக்கிட்டே ராணியைப் பழைய கட்டத்துக்குத் தள்ளிவிட்டார். வலது கையால, கண்ணு. நடுங்கிக்கிட்டு எழும்பி, தள்ளிட்டு, மடியில விழுந்துது. அவர் கவனிக்கவே இல்ல, டீயைக் குடிச்சார். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துது, புடவையைச் சரி பண்ற மாதிரி திரும்பிக்கிட்டேன். பயிற்சிப் பொண்ணுகிட்ட மட்டும் சொன்னேன், நல்ல அறிகுறி, விடாதீங்கன்னா.

விடுவேனா. போன்ல பேசும்போது நீ கையைப் பத்தி வாயே திறக்காதே, ஆட்டத்தைப் பத்தி மட்டும் கேளு. ரெண்டு பேரும் குறையில்லாம நீடூழி வாழணும். இன்னைக்கும் ராணியை முதல்லயே எடுத்தேன், இந்தத் தடவை வேணும்னேதான். தெரிஞ்சா மருந்துக்கடைக்காரரை விரட்டின மாதிரி என்னையும் விரட்டுவார். விரட்டட்டும், அந்தக் கையாலயே விரட்டட்டும்.

உன் அம்மா