பல்லின் வேரைக் கழுவிய தண்ணீர்

நகரி,
வியாழக்கிழமை.

அன்புள்ள கன்னிகாவுக்கு,

பக்கிரிசாமி எழுதுவது. இங்கே நானும் கீர்த்தியும் சுகம். என் தாடை மட்டும் சுகமில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீயாகச் சொன்னால்தான் உண்டு. நான் கேட்டால் நீ சொல்வதில்லை.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ வேலை பார்க்கிற வீட்டு மேடம் பின்னால் நடக்கிற சத்தம் கேட்கிறது. நீயும் நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். புத்தூர் ஷோபா சனிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். அவளிடம் மாங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நம் பெண் கீர்த்தி தெலுங்கில் படித்தவள், தமிழ் எழுத்து அவளுக்குத் தகராறு. அதனால் அவள் எதிரிலேயே உட்கார்ந்து மனசுவிட்டு எழுதுகிறேன்.

கீழ்க் கடைவாய்ப்பல் ரொம்ப நாளாகப் படுத்துகிறது. வலி வந்தால் மெடிக்கல் கடையில் மாத்திரை, நின்றால் மறுபடி வேன் என்று காலத்தைத் தள்ளினேன். போன வாரம் முகம் வீங்கி, ஸ்கூல் பிள்ளைகளே என் வேனில் ஏற பயந்தார்கள். “இன்னும் எத்தினி நாளு மாத்திரையே துன்னுக்கினு இருப்ப நைனா” என்று கீர்த்தி கத்தி, என்னைத் திருப்பதி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

அங்கே பிரீத்தி என்று ஒரு பல் டாக்டர். சின்னப் பெண், ஆனால் நன்றாகத் திட்டினாள். பல்லுக்குள் நரம்பு செத்துவிட்டதாம். ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போகும், கிருமி உள்ளே சௌகரியமாகக் குடித்தனம் நடத்துகிறது, வேர்வரை திறந்து கழுவினால்தான் போகும் என்றாள். பாதி தெலுங்கு, பாதி தமிழ். என் வாயைப் பிளந்து வைத்துவிட்டு, நொப்பி உந்தா, வலிக்குதா என்று வேறு கேட்டாள். எப்படிப் பதில் சொல்வது, முழித்தேன்.

அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி வாயில் ஒரு ரப்பர் ஷீட் மாட்டினாள். தன் கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி. அப்புறம் மெல்லிய ஊசியால் பல்லுக்குள் ஏதோ தண்ணீர் விட்டாள். வாசனை வந்தது. எங்கோ பழகிய வாசனை. முடிந்ததும் கேட்டேன். பாத்ரூம் கழுவுகிறோமே, அந்த பிளீச்சிங் மருந்தின் ஜாதிதான், கிருமியைக் கொல்லும், ஆனால் உதட்டில் பட்டால் சதையைச் சுட்டுவிடும், அதற்குத்தான் இந்த ஷீட் என்றாள்.

அதற்கு மேல் அவள் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது.

போன வருஷம் லீவில் வந்தபோது உன் தலைமுடியில் அதே வாசனை. குளித்தும் போகவில்லை. ஏதோ ஏரோப்ளேன் வாசனை என்று நினைத்தேன். உள்ளங்கை உரிந்திருந்தது. அந்த ஊர் வெயில் என்றாய். குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் துணி மடிப்பதும்தான் வேலை என்றாய். வீடியோவில் முகம் மட்டும்தான் காட்டுகிறாய். கூலிக்கு வேன் ஓட்டுகிறவன் உதட்டில் ஒரு சொட்டு படக் கூடாது என்று அந்தப் பெண் அத்தனை பாடுபடுகிறாள். கன்னிகா, உனக்கு யார் கையுறை கொடுத்தார்கள்?

திரும்பும்போது பஸ்ஸில் வடமாலப்பேட்டை வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் பல்வலி என்று நினைத்து, ஜன்னல் சீட்டை எனக்கு விட்டார்.

பல் வேலை இன்னும் முடியவில்லை. சுண்ணாம்பு மாதிரி ஒரு மருந்தை உள்ளே வைத்துத் தற்காலிகமாக மூடியிருக்கிறாள். வலி நின்றதும் முக்கால்வாசிப் பேர் திரும்பி வருவதில்லை, அப்புறம் மூடியதற்கு அடியிலேயே மறுபடி சீழ் பிடிக்கும் என்றாள். நான் போய்விடுவேன். கீர்த்தி விடமாட்டாள்.

மேடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறாள், என்ன செய்யட்டும் என்று கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். எனக்கு எது இஷ்டம் என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், போடாதே. கீர்த்தியின் நர்சிங் படிப்பை நினைத்துத்தான் யோசிப்பாய். மாங்கூழ் பேக்டரி ஆட்களை ஏற்றி இறக்க சாயங்கால டிரிப்பும் பிடித்திருக்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் இந்த அலுப்பு எனக்குப் பெரிதில்லை.

ஷோபா வரும்போது ஊறுகாய் டப்பாவை இரண்டு கையையும் நீட்டி வாங்கு. துப்பட்டாவில் மறைக்காதே. உன் கையைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போடும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன். நீ தேதியைச் சொல், சென்னை ஏர்போர்ட்டுக்கு நானே வேனை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நம் ஊர் அம்மன் உன் கையைக் காப்பாற்றட்டும். புண் ஆறியிருந்தாலும் வா. ஆறாவிட்டாலும் வா.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
பக்கிரிசாமி