பாதிப் பங்குக்காரியின் பிறந்த தேதி

என் வீட்டம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் நம் கடையை லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்யக் கணக்காளரிடம் போனேன். தொழில் படுத்துவிட்டாலும் நஷ்டம் கம்பெனியில் போட்ட முதலோடு போய்விடுமாம். நம் வீட்டின் மேல் யாரும் கைவைக்க முடியாதாம். பங்குதாரர் இருவர் வேண்டும் என்றார்.

"சரிபாதி என் பொண்டாட்டிக்குத்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"அவங்க பிறந்த தேதி சொல்லுங்க."

ஊரிலுள்ள மெஷின்களின் மாடல் நம்பரெல்லாம் எனக்கு மனப்பாடம். இது மட்டும் தெரியாமல் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தேன்.

"என்ன சார், எந்தப் பொண்டாட்டின்னு யோசிக்கிறீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். படி இறங்கும்போது காதெல்லாம் சுட்டது. என் பிறந்த நாளுக்கு வருஷம் தவறாமல் நீதான் முதலில் கூப்பிடுவாய். உன்னுடையதை நான் கேட்டதே இல்லை.

போனில் கேட்க முகமில்லாமல்தான் எழுதுகிறேன். தேதியை அனுப்பு. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

வாசலில் ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். பெயர்ப்பலகைக்கு உனக்குப் பிடித்த நிறத்தையே அடிக்கச் சொல்லிவிட்டேன். அது என்ன நிறம் என்றும் எழுதிவிடு.

உன் வீட்டுக்காரன்